நிலக்கரியும் அதிலிருந்து எடுக்கும் எண்ணெயும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நீண்ட காலத்தில் "கரியிலிருந்து எண்ணெய் எடுக்கலாமாமே, உண்மையோ?" என்ற கேள்வி வகுப்பில் எழுந்தது. வகுப்போடு நிற்காமல் அரிசி ஆலைக்காரரும் ஓட்டோ ஓடுகிறவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

மாஸ்டர், எங்கட வன்னியில நிலக்கரி கிடைக்குமோ?

இல்லை, கிடைக்க வழியும் இல்லை. சதுப்பில் விழுந்த மரஞ்செடிகள் முழுதாக உக்கிப்போகுமுன் சேற்றுக்குள் புதைந்து, மேலே மண் ஏறி, கோடிக்கணக்கான ஆண்டுகள் அமுக்கத்திலும் வெப்பத்திலும் கிடந்தால்தான் நிலக்கரி. ஆகவே முதலில் மரம் வேண்டும். எங்கள் காலுக்கடியில் கிடக்கும் பாறையோ மரங்களுக்கு மூத்தது. இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் பிரித்த புவிச்சரிதவியலாளர்கள் ஒரு பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன். தரையில் முதற்செடிகள் தலைகாட்டியது சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன். ஐரோப்பாவின் பெரிய கரிப்படைகள் 36 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. இந்தியாவின் ஜாரியா, ராணிகஞ்ச் கரி அதற்கும் இளையது.

மன்னார், பூநகரிப் பக்கத்துச் சுண்ணக்கல்லுக்கு வயது குறைவுதான், சுமார் 2 கோடி ஆண்டு. ஆனால் அது கடலடியில் படிந்தது, சதுப்புக் காடு அல்ல. புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம என்ற இரண்டு இடங்களில் யுராசிக் கால அடையற்பாறை கொஞ்சம் தப்பிக் கிடக்கிறது. அதில் செடிச்சுவடுகள் உண்டு, வெட்டி எடுக்கத்தக்க கரி இல்லை. மன்னார்க் கடலுக்கு அடியில் 2011இல் இயற்கை வாயு கண்டார்கள். அது இந்தப் பக்கத்துக்குரிய கதையல்ல.

கிணறு வெட்டேக்க கறுத்த மண் வந்தது. அப்ப அது என்ன?

பெரும்பாலும் பழைய குளத்துச் சேறு. காயவைத்து, ஒரு தகரத்துண்டில் கொஞ்சம் போட்டு அடுப்பில் நன்றாகச் சூடாக்குங்கள். நிறம் வெளுத்து, அளவு அப்படியே இருந்தால் களி. கையில் தேய்த்தால் பென்சில்போல் வழுவழுப்பாக ஒட்டி, தாளில் கோடு இழுத்தால் காரீயம். அது தூய காபன்தான், இருந்தாலும் அடுப்பில் இலேசில் எரியாது. கொக்கிளாய், புல்மோட்டைக் கரையிலிருந்து வந்த கறுப்பு மணலென்றால் அது இல்மனைட்டு. வலுவான காந்தத்தைக் காட்டினால் இழுபடும். எரிபொருள் என்று நம்பி யாரும் அதற்குக் காசு கொடுக்கவேண்டாம்.

நிலக்கரி எண்டாலும் கரி எண்டாலும் ஒண்டுதானே?

ஒன்றல்ல. காட்டில் கரி சுடுகிறவர்கள் பாலையையும் வீரையையும் அடுக்கி, இலைகுழை போட்டு, மண்ணால் மூடி, உள்ளே காற்று மட்டாகப் போகும்படி நெருப்பு வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை வரும், அது நீராவி. பிறகு மஞ்சள் கலந்த தடித்த புகை, அதில் தாரும் அமிலமும் போகும். கடைசியில் மெல்லிய நீலப்புகை தெரிந்ததும் காற்றுத் துளைகளை அடைத்துவிடுவார்கள். சில நாள் சூட்டில் மரத்தின் ஆவியாகும் பகுதியெல்லாம் வெளியேறி, மிஞ்சுவது மரக்கரி.

நிலக்கரிக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை. அது குறைந்த வெப்பத்தில் மிக நீண்ட காலம் கிடந்தது. அதனால் ஆவியாகும் பகுதி இன்னும் பெருமளவு உள்ளேயே இருக்கிறது. எண்ணெய்க்கு ஆசைப்படுகிறவர்களுக்கு வேண்டியதும் அந்தப் பகுதிதான். இளையது பழுப்பு நிலக்கரி. நீரைக் கழித்துப் பார்த்தால் அதில் காபன் 65 முதல் 75 வீதம். முதிர்ந்தது அந்திரசைற்று, 90 வீதத்துக்கு மேல். முதிர முதிர காபன் கூடும், ஒட்சிசனும் ஐதரசனும் குறையும். எரிப்பதற்கு முதிர்ந்தது நல்லது. எண்ணெயாக்குவதற்கு அந்திரசைற்று உதவாது.

அடிப்படை ஆராய்ச்சி எண்டு சொல்லினமே, கரியில ஆராய என்ன கிடக்கு?

நிறையக் கிடக்கிறது, ஏனென்றால் நிலக்கரிக்கு ஒரு மூலக்கூற்றுச் சூத்திரம் கிடையாது. நீர், சீனி, பென்சீன் என்றால் சூத்திரம் எழுதிவிடலாம். ஒரே சுரங்கத்தின் ஒரே படையில் எடுத்த இரண்டு கட்டிகள்கூட ஒன்றாக இரா. எதை ஆராய்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளவே அரை நூற்றாண்டு போனது.

அதில் முதலில் நினைவுக்கு வருபவர் மேரி ஸ்டோப்ஸ். உலகம் அவரைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அறியும். அவருடைய படிப்பு தொல்தாவரவியல். நிலக்கரியை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, 1919இல் அதன் பட்டைகளை நான்கு வகையாகப் பிரித்தார். 1935இல் பாறைக்குக் கனிமம் எப்படியோ அப்படி நிலக்கரிக்கு மெசரல் என்ற அலகை வகுத்தார். மரத்தண்டிலிருந்து வந்தது விற்றினைற்று. வித்தி, மெழுகு, பிசினிலிருந்து வந்தது லிப்ரினைற்று. காட்டுத்தீயில் கருகியும் ஒட்சியேற்றப்பட்டும் கிடந்தது இனேட்டினைற்று. எண்ணெயாக்கும்போது முதலிரண்டும் கரையும், மூன்றாவது பெரும்பாலும் அப்படியே நிற்கும். இன்றைக்கும் ஒரு நிலக்கரி எவ்வளவு முதிர்ந்தது என்று அறிய விற்றினைற்றின் பளபளப்பைத்தான் அளக்கிறார்கள்.

அடுத்தவர் ரோசலின்ட் பிராங்க்ளின். டிஎன்ஏயின் எக்ஸ்கதிர்ப் படத்துக்காக எல்லோருக்கும் தெரிந்தவர். அதற்கு முன்பு, 1942இலிருந்து, பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலை செய்தார். 1945இல் கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டம் நிலக்கரிக்கானது. அவர் செய்ததைக் கேட்டால் எளிது. ஒரே நிலக்கரியின் அடர்த்தியை ஈலியத்தில் அளந்தார், மெதனோலில் அளந்தார், பென்சீனில் அளந்தார். விடைகள் ஒத்துவரவில்லை. ஈலியம் மிகச் சிறியது, எந்தத் துளைக்குள்ளும் போகும். பென்சீன் பெரியது, வாயிலில் நின்றுவிடும். அந்த வேறுபாட்டிலிருந்து நிலக்கரிக்குள் மூலக்கூற்றளவில் ஒடுங்கிய துளைகள் இருக்கின்றன என்று காட்டினார். அளவை முரண்பட்டதும் கருவியைக் குறை சொல்லாமல், முரண்பாட்டையே விடையாக எடுத்த அந்தப் புத்தியை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன்.

பின்னர் பீட்டர் கிவன் 1960இல் நிலக்கரி மூலக்கூறு எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி வரைந்தார். அவருக்குப் பிறகு பலர் வரைந்தார்கள். எல்லாவற்றிலும் பொதுவானது இது: பென்சீன் வளையங்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிய சிறு தட்டுகள், தட்டையும் தட்டையும் தொடுக்கும் குட்டையான காபன் சங்கிலிகளும் ஒட்சிசன், கந்தகப் பாலங்களும். கரையில் குவித்துவிட்ட சிக்கு வலையைப்போல. பிரிடீன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டால் நிலக்கரி உப்பும், ஒரு பகுதி கரைந்து வரும், ஆனால் முழுதாகக் கரையாது. வலையாகப் பிணைந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இன்னொரு சிக்கல், வெட்டி எடுத்த நிமிடத்திலிருந்து நிலக்கரி வளியின் ஒட்சிசனோடு தாக்கம் புரியத் தொடங்கிவிடும். ஆறு மாதம் மேசையில் கிடந்த கட்டி பழைய கட்டியல்ல. அதனால் ஒருவர் பெற்ற முடிவு மற்றவருக்கு வராது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் எட்டு வகை நிலக்கரியை நைதரசன் சூழலில் அரைத்து, கண்ணாடிக் குப்பிகளில் உருக்கி அடைத்து, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்தது இதற்காகத்தான். எல்லோரும் ஒரே கரியில் வேலை செய்தால்தான் பேச்சு ஒத்துவரும்.

இதைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில காட்டேலுமோ?

ஏலும். வகுப்பில் அதிகம் ரசிக்கப்படும் பரிசோதனைகளில் ஒன்று. வன்கண்ணாடிக் கொதிகுழாயில் கால்வாசிக்கு நிலக்கரித் தூள். வாயில் தக்கை, தக்கையில் வளைந்த கண்ணாடிக் குழாய், அது பக்கக்குழாயுள்ள இன்னொரு கொதிகுழாய்க்குள் போகவேண்டும். அந்த இரண்டாவதைக் குளிர்நீரில் நிறுத்தவேண்டும். பன்சன் சுடரில் சூடாக்கினால் முதலில் கண்ணாடியில் ஈரம் பூக்கும். பிறகு மண்ணிறப் புகை. குளிர்ந்த குழாயின் அடியில் இரண்டு படையாகத் திரவம் சேரும்: கீழே கறுத்த தார், மேலே நீர். பக்கக்குழாயின் நுனியில் தீக்குச்சியைக் காட்டினால் வாயு மஞ்சள் சுவாலையோடு எரியும். முதற்குழாயில் மிஞ்சுவது கற்கரி.

இப்போது அந்த நீரில் சிவப்புப் பாசிச்சாயத்தாளை நனையுங்கள். நீலமாகும், அமோனியா. அதே அமைப்பில் நிலக்கரிக்குப் பதில் சிரட்டைத் துண்டு போட்டுச் செய்தால் நீலத்தாள் சிவக்கும், அசற்றிக்கமிலம். சிரட்டையிலிருக்கும் அசற்றைல் கூட்டங்கள் பூமிக்குள் கிடந்த கோடியாண்டுகளில் நிலக்கரியிலிருந்து போய்விட்டன. நைதரசன் மட்டும் வளையங்களுக்குள் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. புகையை மூக்குக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள், சன்னல்களைத் திறந்துவையுங்கள். தாரைக் கையால் தொடவேண்டாம், அதிலுள்ள சில சேர்வைகள் புற்றுநோய் தரும்.

அந்தத் தார்தான் எண்ணெயோ? அதைக் காய்ச்சினா பெற்றோல் வருமோ?

கொஞ்சம் வரும், கணக்குக்குக் காணாது. நிலக்கரியின் பெரும்பகுதி கற்கரியாக நின்றுவிடுகிறதே. முழுக் கரியையும் எண்ணெயாக்க வேண்டுமென்றால் ஐதரசன் வேண்டும். சராசரி நிலக்கரியில் 100 காபன் அணுவுக்கு ஐதரசன் அணு ஏறத்தாழ 80. பெற்றோலில் 100 காபனுக்கு 190, 200. மிச்ச நூற்றுச் சொச்சத்தை எங்கிருந்தாவது கொண்டுவரவேண்டும். நிலக்கரித் திரவமாக்கலின் நூறாண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு கடனை அடைத்த கதைதான்.

நேர்வழி ஒன்று உண்டு. 1913இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் பிரெட்ரிக் பேர்கியஸ் காப்புரிமை பெற்றது. தூளாக்கிய நிலக்கரியை எண்ணெயில் குழைத்து, சுமார் 450 பாகை செல்சியசில், 200 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் ஐதரசனோடு தாக்கமுற விடுவது. அந்தச் சூட்டில் தட்டுகளைத் தொடுக்கும் பாலங்கள் அறுந்து சுயாதீன மூலிகங்கள், அதாவது பிணைப்பு அறுந்த துண்டுகள், பிறக்கும். பக்கத்தில் ஐதரசன் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு எண்ணெயாகும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி முன்னையிலும் கெட்டியான கற்கரியாகும். செக்கன் கணக்கில் நடக்கும் இந்தப் போட்டியைப் புரிந்துகொண்ட பிறகுதான் டெட்ரலின் போன்ற கரைப்பான்களின் பங்கு தெளிவானது. ஒரு டெட்ரலின் மூலக்கூறு நான்கு ஐதரசன் அணுவை விட்டுக்கொடுத்துத் தான் நப்தலீனாகும். 1927இல் ஜேர்மனியின் லொய்னாவில் இந்த வழியில் ஆலை ஓடத் தொடங்கியது. 1931இல் பேர்கியசுக்கும் கார்ல் பொஷ்சுக்கும் நோபல் பரிசு.

மற்ற வழி பிஷர்-துரொப்ஸ் எண்டு படிச்சனாங்கள். அதைக் கணக்கோட விளங்கப்படுத்துங்கோ சேர்.

இது சுற்றுவழி. நிலக்கரியை முழுதாக உடைத்துக் காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக்கி, அந்த இரண்டிலிருந்தும் எண்ணெயைப் புதிதாகக் கட்டுவது. ஜேர்மனியின் மூல்ஹைம் நகரில் நிலக்கரி ஆராய்ச்சிக்கென்றே அமைத்த கைசர் வில்லெம் நிறுவகத்தில் பிரான்ஸ் பிஷரும் ஹான்ஸ் துரொப்சும் 1925இல் கண்ட வழி. தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கி இரும்பு அல்லது கோபால்ட்டு.

கணக்குக்கு வருவோம். உயர்தர மாணவர் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். செஞ்சூடான கரிமேல் நீராவியைச் செலுத்தினால் ஒரு மூல் காபனுக்கு ஒரு மூல் காபனோரொட்சைட்டும் ஒரு மூல் ஐதரசனும். இது அகவெப்பத் தாக்கம், மூலுக்கு 131 கிலோயூல் உள்ளே வாங்கும். அந்த வெப்பத்தை யார் கொடுப்பது? கரியையே எரிக்கவேண்டும். ஒரு மூல் காபன் முழுதாக எரிந்தால் 394 கிலோயூல். 131ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 393. ஆக, மூன்று காபனை வாயுவாக்க ஒரு காபனை எரிக்கவேண்டும். நான்கில் ஒன்று அங்கேயே காபனீரொட்சைட்டாகப் போயிற்று.

இப்போது கையில் மூன்று மூல் காபனோரொட்சைட்டு, மூன்று மூல் ஐதரசன். எண்ணெய்ச் சங்கிலியில் ஒவ்வொரு காபனையும் கட்ட ஒரு காபனோரொட்சைட்டுக்கு இரண்டு ஐதரசன் தேவை. காணாது. ஆகவே ஒரு மூல் காபனோரொட்சைட்டை நீராவியோடு தாக்கமுற விட்டு ஐதரசனாக மாற்றவேண்டும். அதன் காபனும் காபனீரொட்சைட்டாகிவிடும். இப்போது இரண்டுக்கு நான்கு, சரி. நான்கு காபனில் தொடங்கினோம், எண்ணெய்க்குள் போனது இரண்டு. மற்ற இரண்டும் வாகனத்தின் வாசலுக்கே வரவில்லை.

வெப்பம் ஒரு துளியும் வீணாகாது என்று வைத்துச் செய்த கணக்கு இது. உண்மையான ஆலையில் இதைவிட மோசம். சங்கிலி கட்டும் படியில் வெப்பம் வெளிவருகிறதே, அதை எடுத்து முதற்படிக்குக் கொடுத்தால் என்ன என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். அந்த வெப்பம் 200 முதல் 350 பாகையில் கிடைப்பது. கரியை வாயுவாக்க 800 பாகைக்கு மேல் வேண்டும். கீழிருந்து மேலே வெப்பம் தானாக ஏறாது. நீராவி எடுத்து மின்சாரம் செய்யலாம், அவ்வளவுதான்.

தடைக் காலத்தில மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடினமே. அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ?

நல்ல தொடர்பு இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் வெள்ளைப் புகை தெரு நிறைய நிற்கும். பெற்றோல் மூலக்கூறுகளில் காபன் ஏறக்குறைய 5 முதல் 11. மண்ணெண்ணெயில் 10 முதல் 16. சங்கிலி நீண்டதால் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, சூடு வந்தபின் ஆகும். நீளம் மாறினால் வேலையும் மாறும்.

பிஷர்-துரொப்சிலும் இதே சிக்கல். ஊக்கியின் மேற்பரப்பில் சங்கிலிக்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு வழி: இன்னொரு காபனைச் சேர்த்து நீள்வது, அல்லது அத்துடன் நின்று கழன்று போவது. அதனால் ஒரே நீளமாக எடுக்க ஏலாது. மீதேன் முதல் மெழுகுவரை எல்லாம் கலந்தே வரும். வெப்பநிலையைக் கூட்டினால் பெற்றோல் பக்கம் சாயும், குறைத்து கோபால்ட்டைப் பாவித்தால் மெழுகு பக்கம் சாயும். மெழுகைப் பிறகு உடைத்து நல்ல டீசலாக்கலாம். இந்தச் சாய்வை இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் ஊக்கியைத் தேடுவது இன்றைக்கும் ஓயாத ஆராய்ச்சி.

இவ்வளவு தெரிஞ்சும் எல்லா நாடும் ஏன் செய்யேல்லை?

செய்த நாடுகளைப் பாருங்கள். ஜேர்மனியிடம் கரி இருந்தது, எண்ணெய் இல்லை. 1944இன் தொடக்கத்தில் அதன் செயற்கை எரிபொருள் ஆலைகள் நாளுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் பீப்பாய்க்கு மேல் கொடுத்தன. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து நேசநாடுகள் முதலில் குறிவைத்தவற்றில் லொய்னா ஆலையும் ஒன்று. தென்னாபிரிக்காவில் சாசோல் நிறுவனம் 1955இல் சாசோல்பேர்க்கில் தொடங்கி, நிறவெறி ஆட்சிக்கு எதிரான எண்ணெய்த் தடைக் காலத்தில், 1980களில், செகுண்டாவில் மாபெரும் ஆலைகளை ஓட்டத் தொடங்கியது. சீனா 2008இன் முடிவில் உள்மொங்கோலியாவின் ஓர்டொசில் நேர்வழி ஆலையை ஓட்டத் தொடங்கியது. எண்ணெய் கிடைக்காதவர், அல்லது கிடைக்காமல் போகுமென்று பயந்தவர். தடை என்றால் என்னவென்று தெரிந்த எங்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மசகெண்ணெய் மலிந்தவுடன் இந்த ஆலைகள் நட்டத்தில் விழும். கட்டும் செலவு பயங்கரம். நீர் ஏராளம் வேண்டும். காபன் கணக்கை மேலே பார்த்தோம்: ஆலையில் பாதி, வாகனத்தில் பாதி. ஒரு லீற்றருக்கு வெளிவரும் காபனீரொட்சைட்டு சாதாரண எண்ணெயைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில் 1984இல் தொடங்கிய ஓர் ஆலை பழுப்பு நிலக்கரியிலிருந்து மீதேன் செய்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து தன் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியைக் குழாய்வழியே கனடாவுக்கு அனுப்பி, பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்துகிறார்கள். பாராட்டலாம். எல்லா இடத்திலும் அப்படியொரு எண்ணெய்வயல் பக்கத்தில் இருக்குமா?

மன்னார்க் காத்தாடி மின்சாரத்தில ஐதரசன் எடுத்தா அந்தப் பாதி நட்டம் வராதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு முழுப் புள்ளி. வராது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் ஆனையிறவு உப்பின் கரைசலை மின்பகுத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள்; அந்தத் தாக்கத்தில் ஐதரசனும் பிறக்கும். மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடிகள், 100 மெகாவாட்டுக்குச் சற்று மேல். ஆனால் ஒரு கிலோ ஐதரசனுக்கு 50 அலகுக்கு மேல் மின்சாரம் போகும். அந்த மின்சாரத்தை நேரே மின் ஓட்டோவுக்கு ஏற்றினால் கிடைக்கும் தூரம், எண்ணெயாக்கி ஓடும் தூரத்தைவிடப் பலமடங்கு. விமானம், கப்பல் போன்ற மின்கலத்தால் ஓட ஏலாதவற்றுக்கென்றால் வேறு பேச்சு. அங்கேயும் காபனை நிலக்கரியிலிருந்து எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

நுரைச்சோலைக்கு வாற கரியில எண்ணெய் எடுக்கலாமோ?

வேதியியல் தடுக்காது, பணம் தடுக்கும். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரம் மூன்று. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் கரி தேவை, முழுவதும் கப்பலில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பதால் ஆண்டு முழுக்க இறக்கவும் ஏலாது. டொலர் கொடுத்துக் கரி வாங்கி, அதில் பாதியைப் புகையாக்கி எண்ணெய் எடுப்பதைவிட, அந்த டொலருக்கு எண்ணெயையே வாங்கலாம். 500 மெகாவாட்டில் திட்டமிட்டிருந்த சம்பூர் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது.

நெய்வேலி எங்களுக்குக் கிட்டத்தானே?

கடலைத் தாண்டினால் கிட்டத்தான். அங்கே கிடப்பது பழுப்பு நிலக்கரி, வெட்டும்போது பாதிக்குப் பாதி நீர். பெரும்பகுதி மின்சாரத்துக்கே போகிறது. முன்பு அதைக் கட்டியாக்கிச் சுட்டு லெக்கோ என்ற பெயரில் விற்றார்கள்.

நிலக்கரி வேண்டாம். எங்கட மில்லில உமி மலைபோலக் கிடக்கு. அதில பெற்றோல் வருமோ?

இது ஆலைக்காரர் அண்ணையின் கேள்வி. 1000 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 200 கிலோ உமி. உமியோ பனங்கொட்டை ஊமலோ சிரட்டையோ, காற்றை மட்டாக விட்டு எரித்தால் மேலே சொன்ன அதே காபனோரொட்சைட்டும் ஐதரசனும் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பஸ்களின் பின்னால் உருளையைப் பூட்டி, கரி போட்டு ஓட்டியது இந்த வாயுவில்தான். ஒரு லீற்றர் பெற்றோலின் வேலைக்கு ஏறத்தாழ மூன்று கிலோ உலர்ந்த விறகு போகும்.

பெற்றோலாக்குவதுதான் கடினம். காற்றால் எரிப்பதால் வாயுவில் பாதி நைதரசன். தார் வேறு. பிஷர்-துரொப்ஸ் ஊக்கிக்குக் கந்தகம் மிகச் சிறிதளவு பட்டாலும் நஞ்சு. உமியில் இன்னொரு தொல்லை, 15 முதல் 20 வீதம் சாம்பல், அதுவும் சிலிக்கா. சூடு கூடினால் உருகிக் கட்டியாகி அடுப்பை அடைக்கும். என் கருத்து, நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமி நேரே போகட்டும். மிஞ்சினால் வாயுவாக்கி மின்பிறப்பாக்கி ஓட்டுவதைப் பற்றி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் கேட்டுப் பார்க்கலாம். பெற்றோல் கனவை விட்டுவிடுங்கோ அண்ணை.

வீட்டில சின்னதா ஒரு வாயு உருளை செய்து பாக்கலாமோ?

வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். தலையிடி, சத்தி, பிறகு மயக்கம். மயங்கியவருக்கு எழுந்து கதவைத் திறக்கத் தெரியாது. மழைக்காலத்தில் நுளம்புக்கும் குளிருக்கும் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதும் இதே ஆபத்துத்தான். யாராவது அப்படி மயங்கிக் கிடந்தால் முதலில் திறந்த வெளிக்குத் தூக்குங்கள், பிறகு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

உலகம் கரியை விட்டுக்கொண்டு போகுது. இதைப் படிச்சு என்ன பிரயோசனம்?

மூல்ஹைம் நிறுவகத்தின் கதையைச் சொல்கிறேன். 1943இல் அதன் தலைமைக்குக் கார்ல் சீக்லரை அழைத்தார்கள். கரியைத்தான் ஆராயவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தார். 1953இல் அங்கே அவர் கண்ட ஊக்கியால் சாதாரண அமுக்கத்திலேயே பொலித்தீன் செய்ய முடிந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கான் அந்த வகைப் பிளாத்திக்குத்தான். 1963இல் அவருக்கு நோபல். அதே நிறுவகத்தின் பெஞ்சமின் லிஸ்டுக்கு 2021இல் நோபல், சேதன ஊக்கிகளுக்காக. பெயரில் இன்னும் நிலக்கரி இருக்கிறது, வேலை வெகுதூரம் போய்விட்டது. பிராங்க்ளின் அளந்த துளைகளின் அறிவு சிரட்டைக்கரியிலிருந்து நீர் வடிக்கும் ஏவிய காபன் செய்கிறவர்களுக்கு இன்றும் வேண்டும். சிரட்டை எங்களிடம் உண்டு.

அந்தப் பரிசோதனைக்கு நிலக்கரித் துண்டு எங்க எடுக்கிறது?

வன்னிக் கடைகளில் கிடைக்காது. கொல்லன் பட்டறையில் இருப்பது பெரும்பாலும் சிரட்டைக்கரி, அதில் தார் வராது. புத்தளம் பக்கம் தெரிந்தவர் இருந்தால் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கலாம். கிடைத்தால் காற்றுப் புகாத போத்தலில் வாய்வரை நிரப்பி வையுங்கள். கிடைக்காவிட்டால் ஊமலை உடைத்துப் போட்டுச் செய்யுங்கள். தாரும் எரியும் வாயுவும் வரும், பாசிச்சாயத்தாள் மட்டும் மற்றப் பக்கம் மாறும்.